மூன்றாவது துண்டில் எது மேல்பக்கம்

அருண்,

இன்று காலை வரை உறுதியானது இவ்வளவுதான். கடலடிச் சேற்றுக் குழாயின் மூன்றாவது துண்டிலிருந்து நீ பொறுக்கி எடுத்த ஐந்து மாதிரிகளும், சேற்றின் வயதைச் சொல்லும் காலக்கணிப்புக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. குப்பி எதுவும் உடையவில்லை, சீட்டு எதுவும் கிழியவில்லை. சொன்னவர் உன் ஆராய்ச்சி வழிகாட்டி. நேற்று மாலை எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இரண்டே வரியில் எழுதியிருந்தார். உன் அம்மாவாக நான் அவரிடம் கேட்கவில்லை. ஆடி மாதம் உன் வேலையைப் பற்றி நான் பேப்பரில் எழுதிய கட்டுரைக்குத் திருத்தம் போட வேண்டியிருக்கிறது, அதற்காக நிருபராகக் கேட்டேன். அவரும் நிருபருக்குச் சொல்வதுபோலவே பதில் சொன்னார். முடிவு எப்படி வரும் என்று அவர் ஊகித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை மறுநாள் நீ கப்பல் ஏறுகிறாய். இது உன் அப்பா சொன்னது. நீயும் நானும் பேசி ஏழு வாரம் ஆகிறது. தினமும் சாயங்காலம் உன் அப்பாவின் போன் அடிக்கும்போது நான் டிவி சத்தத்தைக் குறைப்பேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். உள்ளே வந்ததும் "சாப்டானாம்" என்பார். அதற்கு மேல் என்னிடம் சொல்லச் சொல்லி நீ எதுவும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அந்தக் கட்டுரையை எல்லோரும் படித்தார்கள் என்பதுதான். தப்பை ஊர் முன்னால் செய்துவிட்டு, அதைச் சரி செய்வதை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது முறையில்லை.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கடலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் சில இருக்கின்றன. கண்ணுக்கு மணல்பொடி மாதிரிதான் தெரியும். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்ளும். கட்டுகிற நாளில் தண்ணீர் எவ்வளவு சூடாக, எவ்வளவு உப்பாக இருந்தது என்பதன் தடயம் அந்த ஓட்டுக்குள் தங்கிவிடும். உயிர் போனதும் ஓடு கடலடிக்கு இறங்கிச் சேற்றோடு சேரும். அதன்மேல் அடுத்த வருடத்துச் சேறு, அதன்மேல் அதற்கடுத்தது. இப்படிப் பல ஆயிரம் வருடம். கப்பலிலிருந்து நீளமான குழாயை இறக்கிக் கடலடியில் செருகி, சேற்றைக் கலையாமல் மேலே இழுத்து, அடுக்கு அடுக்காக ஓடுகளைப் பிரித்து ஆராய்ந்தால் அந்தக் காலத்துக் கடல் எப்படி இருந்தது என்று சொல்லலாம். வங்கக் கடலில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மழைநீர் உப்பைக் குறைக்கும் என்பதால், பழைய மழைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லலாம். மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது. மொத்த வேலையும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

ஒரு பொங்கலுக்கு நீ சின்ன நுண்ணோக்கி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு ஓடாகத் தொட்டெடுத்துக் கறுப்புத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற உன் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ரவையில புழு வச்சா மாதிரி கீது" என்றார். "புழு இல்லப்பா, வூடு. ஆளு காலி பண்ணிட்டுப் போயிட்டான்" என்றாய். "எப்ப போனான்?" "அதத்தாம்பா கண்டுபிடிக்கறேன்." அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க டிப்போல பஸ்ஸு எப்ப போச்சின்னே கண்டுபிடிக்க முடியாது" என்றார். அன்று நான் சிரித்ததைவிட உள்ளுக்குள் பெருமைப்பட்டது ஜாஸ்தி. அந்தப் பெருமைதான் பின்னால் என்னை எழுத வைத்தது என்பதால் இதைச் சொல்கிறேன். நீ நிலவியல் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்களிடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. பெட்ரோல் கம்பெனிகளில் வேலை கிடைக்கிற படிப்பு என்று சொல்லிவைத்தேன். நீ செய்கிற எதையும் அது இருக்கிற அளவிலேயே சொல்ல எனக்கு வாய் வராது. கொஞ்சம் பெரிதாக்கித்தான் வரும்.

தொழிலில் நான் அப்படி இல்லை என்பது உனக்குத் தெரியும். என் குறிப்பு நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் கோடு போட்டிருப்பேன். வலதுபக்கம் தகவல். இடதுபக்கம் அதை யார் சொன்னார், எத்தனை மணிக்கு, நேரிலா போனிலா. ஓரம் காலியாக இருக்கிற தகவல் செய்திக்குள் போகாது. நீ ஒன்பதாவது படிக்கும்போது பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். எத்தனை லட்சம் பேர் என்று காவல்துறை சொன்னதை நான் எழுதிக்கொண்டிருக்க, "யாரும்மா எண்ணினாங்க?" என்று கேட்டாய். சொன்னவர் பெயரைக் காட்டினேன். "சொன்னவரு சரி, எண்ணினவரு யாரு?" என்று போய் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று நீயே எண்ண ஆரம்பித்தாய். கால்மணி நேரத்தில் திரும்பி வந்து, "முடியாதும்மா. ஒரே ஆளு டீ குடிக்க வந்துட்டு மறுபடி போறான்" என்றாய். அன்றிலிருந்து இடது ஓரத்தில் இன்னொரு விஷயமும் எழுதுகிறேன்: சொன்னவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா.

ஆடி மாதக் கட்டுரைக்கான நோட்டுப் பக்கங்களைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். நீ போனில் சொன்னது ஒன்பது பக்கம். இடது ஓரம் முழுக்கக் காலி. உன் பேச்சு என்பதால் எழுதத் தோன்றவில்லை. யாரோ ஒரு விஞ்ஞானி சொல்லியிருந்தால் இது எங்கே வெளியானது, வேறு யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டிருப்பேன். கடலின் தன்மை ஒரு காலத்தில் மெதுவாக மாறாமல் சட்டென்று மாறியிருக்கிறது, அதை உங்கள் சேறு காட்டுகிறது என்று நீ சொன்னாய். உன் ஆராய்ச்சிக் கட்டுரை ஆய்விதழுக்குப் போயிருக்கிறது, இன்னும் ஏற்கவில்லை என்றும் சொன்னாய். "ஒரு எடத்து சேறு ஒரு எடத்தப் பத்திதாம்மா சொல்லும். அத வச்சி நம்ம ஊர் மழையெல்லாம் சொல்ல முடியாது" என்றும் சொன்னாய். அது ஏழாவது பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் எழுதியது நீளமாகிவிட்டது என்று சென்னையிலிருந்து பக்க ஆசிரியர் குறைக்கச் சொன்னபோது நான் வெட்டியது அந்த வரியைத்தான். அவர் வைத்த தலைப்பு, மழை திடீரென்று குறையலாம் எனக் கடலடிச் சேறு எச்சரிப்பதாகச் சொன்னது. அச்சுக்குப் போகும் முன்பே எனக்குக் காட்டினார். சரி என்றேன். ஆராய்ச்சியாளர் என் மகன் என்பதை அவரிடமும் சொல்லவில்லை, வாசகரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசியில் நீ இரண்டு நாள் வந்தாய். முதல் நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை "டீ குடிச்சிட்டு வரலாம் வாம்மா" என்றாய். வீட்டில் டீ போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகும் கூப்பிட்டாய் என்றால் அப்பா முன்னால் சொல்ல முடியாதது ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. பெண் விஷயம் என்று நினைத்துக்கொண்டேதான் கூட வந்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிய கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் மாஸ்டரிடம் "சக்கர கம்மி" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வடை வைத்துக் கொடுத்த பேப்பரை நீ உதறி, அதன்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டாய்.

"இதான் நான் போட்ட கணக்கு. இது வரைக்கும் மெதுவா ஏறுது. இங்க சட்டுனு தூக்குது. அப்புறம் மெதுவா எறங்குது. இங்க மறுபடி சட்டுனு தூக்குது. இந்த ரெண்டு தாவல வச்சித்தான் திடீர் மாற்றம்னு எழுதினேன்." பேப்பரை அந்த இரண்டு இடத்திலும் கிழித்து மூன்று துண்டாக்கினாய். நடுத்துண்டைப் பின்பக்கமாகப் புரட்டிப் போட்டாய். எண்ணெய் ஊறியிருந்ததால் கோடு பின்னாலும் தெரிந்தது. முதல் துண்டின் கோடு நடுத்துண்டில் போய்ச் சேர்ந்தது, நடுத்துண்டின் கோடு கடைசித் துண்டில் போய்ச் சேர்ந்தது. தாவல் இரண்டும் காணாமல் போயின. "இந்த ரெண்டு எடமும் எது தெரியுமாம்மா? கப்பல்ல நாங்க குழாய அறுத்த எடம்."

பிறகு மெதுவாகச் சொன்னாய். சேற்றுக் குழாயைக் கப்பல் தளத்திலேயே துண்டு துண்டாக அறுத்து, மேல்முனைக்குச் சிவப்பு மூடியும் கீழ்முனைக்கு நீல மூடியும் போடுவீர்கள். அந்தத் தடவை நினைத்ததைவிட நீளமாகச் சேறு வந்துவிட்டது. சிவப்பு மூடி போதவில்லை. சில துண்டுகளுக்கு இரண்டு முனையிலும் நீல மூடி போட்டு, மேல்முனையில் மட்டும் சிவப்பு டேப் ஒட்டினீர்கள். குளிர் அறை ஈரத்தில் மூன்றாவது துண்டின், அதாவது நீ பேப்பரில் புரட்டிக் காட்டிய நடுத்துண்டின், டேப் உரிந்து கீழே கிடந்தது. குழாயில் மார்க்கரால் போட்ட அம்புக்குறியும் அழிந்திருந்தது. ஒரு முனையில் சேறு கொஞ்சம் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, இதுதான் மேல்பக்கமாக இருக்கும் என்று நீயே முடிவு செய்தாய். பதிவேட்டில் "மேல்பக்கம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

"சரிபார்க்கலன்னா ஏன்டா அப்படி எழுதின?"

"காலியா விட்டா அடுத்து வர்றவங்க கேப்பாங்கன்னு."

நான் அடுத்துக் கேட்டது, "இது யாருக்கெல்லாம் தெரியும்?" எந்தச் செய்தியிலும் நான் கேட்கிற முதல் கேள்வி அது. ஆனால் அன்று விஷயத்தை வெளியே கொண்டுவருவதற்காக அதைக் கேட்கவில்லை. "உனக்கு மட்டும்" என்றாய். "அப்ப விடு. ஆராய்ச்சி பேப்பர் வரட்டும். நீ எதிர்பாக்கற வேல கெடைக்கட்டும். அப்புறம் சாவகாசமா பாத்துக்கலாம். கோடு சேந்துட்டா மட்டும் தலைகீழ்னு ஆயிடுமா?" என்றேன். கடைசியில் சொன்னது நியாயமான வாதம்தான். கோடு அழகாகச் சேர்கிறது என்பதற்காகத் துண்டைப் புரட்டிப் போடுவதும் ஊகம்தான், கடல் நிஜமாகவே ஒரு காலத்தில் தாவியிருக்கலாம். ஆனால் அந்த நியாயமான வாதத்தை, உன் தப்பை மூடி மறைப்பதற்காகச் சொன்னேன். நீ நிமிர்ந்து பார்த்து, "நீயாம்மா சொல்ற?" என்றாய். பேப்பர் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, "இல்ல, கட்டுர எழுதின நிருபர் சொல்றாங்களா?" என்றாய். கிழித்த பேப்பர் மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். மறுநாள் காலை உன் வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்பது, திருத்தத்துக்காக நான் அவருக்கு எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்விதழுக்கு அவர் எழுதி, கட்டுரையை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார். உன்னை வேலைக்கு எடுப்பதாக இருந்த நிறுவனம், முடிவு தெரிந்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறது. இது அப்பா வழியாக வந்தது. இடது ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இனி வருகிறது. கீழ்பென்னாத்தூரில் உன் சேகர் மாமா, என் தம்பி, ஏரிக்குக் கீழே இருக்கிற பள்ளக் கொல்லையில் வருடா வருடம் சம்பா நெல்தான் நடுவான். இந்த வருடம் நடவில்லை. ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் போயிருந்தேன். அக்கம்பக்கத்துக் கொல்லையெல்லாம் நெல் பச்சையாக நின்றது. அவன் கொல்லையில் மட்டும் வேர்க்கடலைச் செடி, கணுக்கால் தண்ணீரில். அவன் வரப்பில் குந்தி, ஒரு செடியைப் பிடுங்கி வேரை அலசிக்கொண்டிருந்தான். காய் அழுகி நாறியது.

"இன்னாடா, பள்ளத்துல போய் மல்லாட்ட போட்டிருக்க?" என்றேன்.

"மழ கம்மின்னு பேப்பர்ல போட்டியே."

"அது வேற எடம்டா. அது பழைய காலத்துக் கடலு" என்றேன்.

"அதெல்லாம் அதுல இல்லியேக்கா. நான் ரெண்டு தபா படிச்சேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க அக்கா பையன் கடலுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்றான்னு ஊரெல்லாம் நான்தான் சொன்னேன். இப்ப எதிர்க்க வர்றவன்லாம், இன்னா சேகரு, கடல்ல மீனு சௌக்கியமான்றான். சிரிச்சிட்டுப் போவட்டும். பையன்கிட்ட மட்டும் இத சொல்லாத. அவன் மனசு கஷ்டப்படுவான்."

நானும் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் சொன்னது உன்மேல் இருந்த பாசத்தால். நான் சொல்லாமல் இருந்தது, என் தப்பு இன்னும் ஒரு ஆளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதால். இந்தக் கடிதத்துக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் அவனிடம் அனுமதி கேட்டேன். மடை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தான். "எழுதணும்னா எழுது. ஆனா நான் ஏமாந்துட்டேன்னு எழுதாத. நம்பினேன்னு எழுது" என்றான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: என் தம்பி நம்பினான். நம்பியது உன்னையோ உன் சேற்றையோ அல்ல. என் பெயர் போட்ட கட்டுரையை. உன் மூன்றாவது துண்டு நேராக இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் அவன் கொல்லையில் காய் அழுகியதற்கு அது காரணம் இல்லை. காரணம் ஏழாவது பக்கத்தில் நான் வெட்டிய வரி. இதை நீ குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அவன் சொல்லாதே என்றதைச் சொல்கிறேன். யாராவது ஒருநாள் பாதியாகச் சொல்லி நீ கேட்பதைவிட, முழுசாக என்னிடம் கேட்பது மேல்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இந்த வருடம் குறைவுதான். இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்லாமல் உன்னைக் கப்பல் ஏற விட மனம் இல்லை. நீ உன் வழிகாட்டியிடம் போனபோது, நான் செய்த எதையும் இனி நம்ப முடியாது, எல்லாத் துண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொன்னாயாம். அவர் அதை எனக்கு எழுதியது புகாராக இல்லை, கவலையாக. நீ தப்பாக எழுதியது ஒரு வரி. மற்ற துண்டுகளில் மூடி சரியாக இருந்தது, அம்புக்குறி இருந்தது, காலக்கணிப்பும் இருந்தது. செய்ததற்கு மேல் ஒப்புக்கொள்வது நேர்மை மாதிரி தெரியும், மனசுக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும். ஆனால் அதுவும் சரிபார்க்காமல் போட்ட கையெழுத்துதான். எவ்வளவு தப்போ அவ்வளவை மட்டும் ஒப்புக்கொள். மிச்சத்தைத் தலை நிமிர்ந்து நின்று காப்பாற்று. உன்கூட வேலை செய்தவர்களின் உழைப்பும் அதே குழாயில்தான் இருக்கிறது.

இன்னொன்று, காலி இடத்தைப் பற்றியது. இந்தத் தடவை கப்பலில் மூடி போடும் வேலையையும் பதிவேடு எழுதும் வேலையையும் நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று அப்பா சொன்னார். கடல் ஆடும். மழை பெய்யும். கையெல்லாம் சேறாக இருக்கும். பின்னால் நிற்கிறவர் சீக்கிரம் என்பார். அப்போது தெரியாத ஒன்றுக்கு எதிரே ஏதாவது எழுதித் தொலைக்கத் தோன்றும். எழுதாதே. "தெரியவில்லை" என்று எழுது, இல்லையென்றால் காலியாக விடு. பின்னால் வருகிறவர் கேட்கட்டும். காலியாக இருப்பதைக் கேட்பார்கள். நிரப்பியிருப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். என் ஒன்பது பக்கத்து ஓரம் காலியாக இருந்தும் நானே அதைக் கேட்கவில்லை என்பதால், இதை உனக்குச் சொல்வதாக நினைத்து எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

சேகர் மாமா பகுதியை மட்டும் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டு, மிச்சக் கடிதத்தின் முதல் வரைவைப் போன வாரம் அப்பாவின் போனிலிருந்து உனக்கு அனுப்பச் செய்தேன். உன் தப்பைப் பற்றி உன் சம்மதம் இல்லாமல் எழுத எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாளில் திருப்பி அனுப்பினாய். அந்த ஓடுகளை நான் கிளிஞ்சல் என்று எழுதியிருந்ததை அடித்து, "கிளிஞ்சல் வேற, இது வேற" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். சிவப்பு மூடி, நீல மூடி இடம் மாறியிருந்ததைச் சரி செய்திருந்தாய். "சரிபார்க்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதியதைப் பற்றிய வரிகளில் நீ கை வைக்கவே இல்லை, பக்கத்தில் ஒரு டிக் மட்டும் இருந்தது. நான் எதிர்பார்க்காதது கீழே இருந்தது. டீக்கடையில் நான் சொன்ன "அப்ப விடு. ஆராய்ச்சி பேப்பர் வரட்டும்" என்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இது வேணாம்" என்று எழுதியிருந்தாய். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. "அம்மாவப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "இல்ல. அந்த எடம் எடுத்தாச்சான்னு மட்டும் ரெண்டு வாட்டி கேட்டான்" என்றார்.

எடுக்கவில்லை, அருண். நீ சொன்ன மற்ற திருத்தம் எல்லாம் செய்திருக்கிறேன், அதை மட்டும் செய்யவில்லை. உன் தலை குனிகிற வரியை அப்படியே விட்டுவிட்டு, என் தலை குனிகிற வரியை எடுக்கச் சொல்லியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். ஏழு வாரத்தில் உன்னிடமிருந்து எனக்கென்று வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். ஆனாலும் அந்த வரி இருக்கட்டும். அது இல்லையென்றால், படிக்கிறவர்கள் உன் தப்பை மட்டும் பார்ப்பார்கள், நீ அதை யார் பேச்சைக் கேட்காமல் போய்ச் சொன்னாய் என்பதைப் பார்க்கமாட்டார்கள்.

இனி நிலுவையில் இருப்பவை. ஐந்து மாதிரிகளின் காலக்கணிப்பு தீபம் முடிந்த அடுத்த வாரம் வரும் என்று உன் வழிகாட்டி எதிர்பார்க்கிறார், கூடத்தில் வேலை நெருக்கடி இருந்தால் அதற்கு அடுத்த வாரம். நீ மேல்முனை என்று வைத்தது கீழ்முனையைவிடப் பழையதாக இருந்தால் துண்டு தலைகீழ், உன் திடீர் மாற்றம் இல்லை. புதியதாக இருந்தால் துண்டு நேர், மாற்றம் நிஜம். இரண்டுக்கும் நடுவே குழப்பமாகவும் வரலாம் என்கிறார். எது வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, அதை எழுதமாட்டேன். அப்போது நீ நடுக்கடலில் இருப்பாய். கப்பலுக்கு மின்னஞ்சல் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் இறங்கும் என்றும், வந்த அன்றே உனக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். என் திருத்தம் வரும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குப் போயிருக்கிறது. ஆராய்ச்சியாளர் நிருபரின் மகன் என்பது அப்போதே சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்ற வாக்கியம் தேவையில்லை என்று பக்க ஆசிரியர் நினைக்கிறார், நான் வேண்டும் என்கிறேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சேகர் தண்ணீர் வடிந்ததும் பள்ளத்தில் என்ன போடலாம் என்று பார்க்கிறான். இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறான்.

உன் கப்பல் மார்கழி முதல் வாரத்தில் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்புகிறது. அப்பா சொன்னது, உன் வழிகாட்டியும் உறுதி செய்தார். இறங்கியவர்கள் எந்த வாசல் வழியாக வெளியே வருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஒரு வாசலைச் சொல்கிறார், இன்னொருவர் வேறு வாசலைச் சொல்கிறார். இருவருமே நேரில் பார்த்தவர்கள் இல்லை. துறைமுக அலுவலகத்தில் நாளை பதினோரு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா